நட்ட காடும் பட்ட கடனும்

மனிதன் தன் கையால் நட்டு வளர்த்த காடு, தானாக முளைத்து நூற்றாண்டுகளாக நின்ற காட்டுக்கு ஈடாகுமா என்ற வினா, மரக் கணக்கைப் பற்றியதாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறத்தைப் பற்றியதே. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு, அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்களின் கவிகை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் அதைக் காடு என வரையறுக்கிறது. அம்மரங்களில் பெரும்பான்மை மனிதர் நட்டவையாயின் அது நட்ட காடு. அவ்வமைப்பின் 2010ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டேயின் காடு 1990இல் சுமார் 58,000 ஹெக்டேராக இருந்து 2010இல் சுமார் 85,000 ஹெக்டேராகப் பெருகியது. அது முழுவதும் நட்ட காடே. இந்தியப் பெருங்கடலிலுள்ள மொரீஷியஸின் காடோ அதே இருபது ஆண்டுகளில் சற்றுச் சுருங்கியது. இதைக் கொண்டே முன்னதைப் புகழ்ந்து பின்னதைப் பழிப்பது அவசரத் தீர்ப்பாகும்.

ஆஸ்திரேலிய மெய்யியலாளர் ராபர்ட் எலியட் 1982இல் எழுதிய கட்டுரையொன்றில், அழித்த இயற்கையை அப்படியே மீட்டுத் தருவதாகச் சொல்வது, மூல ஓவியத்தை எடுத்துக்கொண்டு அச்சு அசலான போலியைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும் என வாதிட்டார். ஒரு பொருளின் மதிப்பில் அது பிறந்த வரலாறும் அடங்கும் என்பதே அவ்வாதத்தின் உயிர். வாதம் வலுவானதுதான், ஆனால் மூலமே இல்லாத இடத்தில் எது போலி?

கேப் வெர்டே அத்தகைய இடம். பதினைந்தாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்திறங்கியபோது ஆளில்லாதிருந்த அத்தீவுகளில் புல்லும் புதரும் சிதறிய மரங்களுமே மிகுந்திருந்தன. 1940களின் வறட்சிப் பஞ்சங்களில் பல்லாயிரவர் மாண்டனர். 1975இல் விடுதலை பெற்ற நாடு, மலைச்சரிவுகளில் பிறைவடிவக் கல்லணைகள் கட்டி, ஆண்டில் சில மாதங்களே பெய்யும் மழை அவற்றுள் தேங்கும்படி செய்து, கூலிக்கு வந்த ஊர்மக்களின் கையாலேயே கன்றுகளை நட்டது. அவற்றில் பெரும்பாலானவை, தமிழகம் கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவவிட்டு இன்று வெட்டியெறியப் போராடும் சீமைக் கருவேலமே. ஓரிடத்தில் பகையான மரம் இன்னோரிடத்தில் விறகும், ஆட்டுக்குத் தீனியும், மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேருமாயிற்று. அங்கும் அது தொல்லை தருவதுண்டு. எனினும் அக்காடு எதையும் மறைக்க நடப்படவில்லை. வரப்போகும் தலைமுறைக்குத் தந்த கொடை அது.

மொரீஷியஸின் நிலை வேறு. அது பட்ட கடன். 1638இல் குடியேறிய டச்சுக்காரர் கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினர்; பின்வந்தோர் காட்டைத் திருத்திக் கரும்பு பயிரிட்டனர். இன்று அங்கே கெடாத இயல்காடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்நிலத்தில் அயல்நாட்டுப் பைன் மரங்களை நட்டுப் பரப்பைக் கூட்டினால் எண் உயருமே அன்றிக் கடன் தீராது. அயல் கொய்யாப் புதர்களை வெட்டி அகற்றுவதே, பரப்புக் கணக்கில் இழப்பாகப் பதிந்தாலும், கழுவாய்க்கு, அதாவது செய்த தீங்கை ஏற்று அதற்கு ஈடுசெய்யும் செயலுக்கு, நெருக்கமானது.

அக்கழுவாயைத் தென்கிழக்குக் கரையோரத்திலுள்ள இல்-ஓ-எக்ரெத் என்ற சிறு தீவில் கண்ணாரக் காணலாம். கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்பி வந்த நாட்டு ஆமைகள் மனிதரால் அடியோடு அழிந்துபட்டதால், அல்டாப்ரா தீவின் பேராமைகள் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே விடப்பட்டன. அவை பழங்களை விழுங்கித் தாய்மரத்துக்கு அப்பால் சாணமிட, அச்சாணத்தில் கிடந்த விதைகள் மற்றவற்றைவிட நன்றாக முளைத்தன. ஆமை இரவல்தான், எலியட்டின் அளவுகோலில் இதுவும் போலியாகலாம். ஆயினும் பிறந்த வரலாறே மதிப்பைத் தருமெனில், தீங்கை ஒப்புக்கொண்டு குனிந்து களை பறித்த கைகளின் வரலாறும் அக்கன்றுகளின் பிறப்பில் சேர்ந்துவிட்டது. அத்தீவின் முழுப் பரப்பு 26 ஹெக்டேர்; ஆயிரக்கணக்கில் எண்ணும் நாட்டுப் பட்டியல்களில் அது ஒரு புள்ளியாகவும் தெரிவதில்லை.