புல்வெளியில் தங்குதலும் கொல்லாமையும்

பூதலூரிலிருந்து தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்தை அடைந்து, அங்கிருந்து தெற்கே சென்றால் கோடியக்கரை வருகிறது. நெல் விளையும் நிலத்தையே நிலமென்று கண்டு பழகிய காவிரிப் படுகை மக்களுக்கு, அந்த முனையில் பரந்து கிடக்கும் புல்வெளியும் உப்பளமும் முட்புதரும் வேறோர் உலகமாகத் தோன்றும். வெளிமான்களைக் காப்பதற்காக 1967-இல் சரணாலயமாக்கப்பட்டு, 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில், அதாவது உலக அளவில் காக்கத்தக்கவை என ஏற்கப்பட்ட ஈரநிலங்களின் வரிசையில், சேர்க்கப்பட்ட இடம் அது. சம்பா அறுவடை முடிந்து கை ஓய்ந்த தை, மாசியில் அங்கே கூடாரமடித்து ஓரிரு இரவு தங்கிவர எண்ணுவோர், எப்போது போவது, எங்கே படுப்பது, எதை உண்பது என்று முதலில் கேட்டுக்கொள்கின்றனர். வசதி கருதிக் கேட்கப்படும் இக்கேள்விகளைத் தமிழகத்தில் வேரூன்றிய பழைய சமயங்கள் அறத்தின் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டு விடை தேடியுள்ளன.

இவற்றுக்கெல்லாம் முந்தியது, அந்த நிலம் யாருமற்ற நிலமா என்பது. கோடியக்கரைக் குழகர் கோயிலுக்குச் சேரமான் பெருமாளுடன் வந்த சுந்தரர், கடற்காற்று அலைக்கும் காட்டில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதைக் கண்டு மனம் நொந்து பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. ஆந்தையும் கூகையும் அலறுவது அப்பதிகத்தில் அச்சத்திற்குரிய ஒலியாகவே வருகிறது. அன்பின் மிகுதியில் பிறந்த அக்கவலையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும், பின்னர் முறைப்படுத்தப்பட்ட சைவ சித்தாந்தத்தைக் கொண்டு அதே காட்டை வேறு விதமாகவும் பார்க்க முடியும். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள்களில் பதி இறைவனையும், பாசம் கட்டினையும், பசு அக்கட்டில் அகப்பட்ட உயிரையும் குறிப்பதால், மனித உடலில் நிற்கும் உயிரும் மானின் உடலிலோ கூகையின் உடலிலோ நிற்கும் உயிரும் பசு என்னும் ஒரே வகையின்பாற்படும். அவ்வாறாயின் கோடிக்குழகர் ஒருபோதும் தனித்திருந்தவர் அல்லர். அங்கே கூடாரமடிப்பவரும் வெற்றிடத்தில் நுழைபவர் அல்லர்.

எவ்வாறு நுழைவது என்பதைச் சமணம் போல் நுணுகி ஆராய்ந்த சமயம் வேறில்லை எனலாம். மன்னார்குடியில் மல்லிநாதர் ஆலயமும் திருவாரூர்ப் பகுதியில் தீபங்குடி ஆலயமும் இன்றும் வழிபாட்டில் இருப்பதால், படுகைக்கு அது அயல் நெறியும் அன்று. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், விழிப்பற்ற நிலையில் ஓர் உயிருக்கு ஊறு செய்வதை இம்சை என்று வரையறுக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாமையே போதுமான விடையாகாது, கவனமின்மையே குற்றத்தின் ஊற்று என்பது அதன் உட்கருத்து. அதனால்தான் துறவியருக்கு ஐந்து சமிதிகள், அதாவது விழிப்போடு ஒழுகும் முறைகள், விதிக்கப்பட்டன. நடத்தல், பேசுதல், உணவு பெறுதல், பொருளை எடுத்து வைத்தல், கழிவை அகற்றுதல் ஆகிய ஐந்தையும் அவை ஆள்கின்றன. காட்டில் தங்கப் புறப்படுவோர் எண்ண வேண்டியவற்றுள் இவ்வைந்தினுள் அடங்காதது மிகக் குறைவு.

நடக்கும் துறவி ஒரு நுகத்தடி நீளம் முன்னே நிலத்தைப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டும் என்ற விதி மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாமல் வெறுந்தரையிலேயே முட்டையிடுகிறது. முட்டையின் நிறம் மண்ணின் நிறத்தோடு கலந்துவிடுவதால், கூடாரத் துணியை விரிப்பவர் கண்ணில் அது படாமலே நசுங்கிப்போகலாம். பொருளை வைக்குமுன் இடத்தைப் பார் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. கழிவைப் பற்றிய விதியும் அத்தகையதே: எஞ்சிய சோற்றைப் புதரில் கொட்டினால் குரங்கும் நரியும் பன்றியும் அங்கே கூடும், அவை தரையிலுள்ள முட்டைகளையும் விட்டுவைப்பதில்லை.

இரவைப் பற்றிய சமண ஒழுக்கம் இன்னும் ஆழமானது. விளக்கொளியில் விழும் பூச்சிகள் உணவிலும் தீயிலும் மடியும் என்பதால் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது, துறவியர் மட்டுமன்றி இல்லறத்தாரும் கைக்கொள்ளும் நெறி. பார்வையையும் வேகத்தையும் நம்பித் திறந்த வெளியில் வாழும் வெளிமானுக்கு, நள்ளிரவில் எரியும் மின்விளக்கும் ஒலிபெருக்கிப் பாட்டும் வேலியைப் போல் நிலத்தைச் சுருக்குபவை. சீமைக்கருவேலம் பரவி ஏற்கெனவே குறைந்துவரும் புல்வெளியில் இது சிறிய இழப்பன்று. சரணாலயத்துக்குக் கேடு வரும்படி தீ மூட்டுவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. ஆனால் சட்டம் ஒளியையும் ஒலியையும் எண்ணத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அறநூலோர் விளக்கின் சுடரை எண்ணிவிட்டனர்.

அப்படியானால் போகாமலிருப்பதே உயர்ந்ததன்றோ என்ற வினா எஞ்சுகிறது. சமண இல்லறத்தாருக்கு உரிய திக்விரதம், ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை என்று எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பாகும். எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்குத் தம்மால் தீங்கு நேராது என்பது அதன் பயன். இந்த விடையின் வலிமையை மறுக்க இயலாது. ஆயினும், வெளிமான் கூட்டத்தை ஒருமுறையும் காணாத வேளாண் சமூகம் பயிரற்ற நிலத்தைப் பயனற்ற நிலமென்றே தொடர்ந்து எண்ணிவரும்; அதை உழவும் நிரப்பவும் முயல்வோரிடம் புல்வெளிக்காகப் பேச அதற்குக் காரணமே இராது. ஆகவே பூதலூரார் போகத்தான் வேண்டும். நோன்பின் எல்லையைச் சொந்த ஊரில் வகுப்பதை விடுத்து, புல்வெளியின் விளிம்பில் வகுத்துக்கொள்வது பொருந்தும்: பகலில் வனத்துறையின் அனுமதியோடு வகுத்த பாதையில் மட்டும் சென்று, பொழுது சாயுமுன் கோடியக்கரை ஊருக்கோ வேதாரண்யத்துக்கோ திரும்பி அங்கே உண்டு உறங்குவதே அவ்வெல்லை, கூடாரம் வீட்டிலேயே இருக்கலாம்.