திருநீறு வேண்டாம் என்கிற பிள்ளை

சமய பாடத்துக்கு மணி அடித்தால் தோட்டப் பாடசாலையில் வகுப்பு கலையும். சைவநெறி படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கத்தோலிக்கம், கிறிஸ்தவம் படிக்கிறவர்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். அறை இல்லாவிட்டால் மரத்தடிக்கு. க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். அவரவர் சமயத்துக்கான புத்தகத்தை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கத்து வாங்குப் பிள்ளை என்ன படிக்கிறது என்பது அந்த நாற்பது நிமிடத்தில் யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளும் இடம் விழாக்கள். நவராத்திரியில் வாணி விழா, டிசம்பரில் ஒளி விழா. ஒன்றில் சுண்டலும் அவலும், மற்றதில் பாலன் குடிலும் நத்தார் பாப்பாவும். பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஆள் சேர்க்கும்போது ஆசிரியர் குரலைப் பார்ப்பாரே தவிரச் சமயத்தைப் பார்க்கமாட்டார். மிஷன் பாடசாலைக் காலத்திலிருந்தே இந்தக் கலப்பு மலையகத்துக்குப் பழக்கம். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, அட்டன் மெதடிஸ்ட் பாடசாலையிலும் பின்னர் கொழும்பில் பௌத்தர்களின் நாலந்தா வித்தியாலயத்திலும் படித்தார். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார்.

ஒற்றுமை பற்றிப் பேச எழுந்தவர்கள் எல்லோரும் சிவனொளிபாதமலையைக் காட்டுவார்கள். ஒரே பாதச்சுவடு, சைவருக்குச் சிவன், பௌத்தருக்குப் புத்தர், முஸ்லிம்களுக்கு ஆதம். அழகான உதாரணம், ஆனால் சுலபமானது. அந்தப் படியில் ஏறுகிறவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நம்பியதை நம்பியபடியே ஏறி இறங்கலாம்.

பாடசாலையில் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. வாணி விழாவில் திருநீற்றுத் தட்டு வரிசையாக வருகிறது. சபைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை ஒன்று நெற்றியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. சுண்டலையும் வாங்க மறுக்கிறது. நேற்றுவரை மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுத்த குடும்பம் அது என்றால் லயமே முணுமுணுக்கும். எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவரோடு ஒத்துப்போக யாருக்கும் சிரமமில்லை. ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்கிற பிள்ளையிடம் ஆசிரியரின் முகம் மாறுகிறதா என்பதே கேள்வி.

1985இல் கேரளத்தில் இதே கேள்வி எழுந்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பாடசாலையில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பாடசாலை அவர்களை வெளியேற்றியது. கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றதே போதிய மரியாதை என்று கருதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி, சகிப்பு நம் மரபிலேயே இருக்கிறது என்றும் எழுதினார். அந்தக் கணக்கில், தட்டு வரும்போது குழப்பம் செய்யாமல் கைகட்டி நிற்கிற பிள்ளையும் மரியாதைக் குறைவு எதுவும் செய்துவிடவில்லை. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் உள்ள சுதந்திரத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது.

பெரும்பான்மை என்பது பாடசாலைக்குப் பாடசாலை மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. நாட்டில் சிறுபான்மையான சைவர், தோட்டப் பாடசாலையில் பெரும்பான்மை. திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் 2018இல் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது, சேலைதான் கல்லூரியின் மரபு என்று பெற்றோர் தெருவுக்கு இறங்கினார்கள். போருக்கும் இழப்புக்கும் பிறகு எஞ்சிய அடையாளம் என்ற பதற்றம் அந்த எதிர்ப்பில் இருந்தது. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஓர் ஆசிரியை தன் உடம்பை எப்படி மூடிக்கொள்கிறார் என்பதால் மாணவிகளின் தேவாரம் நின்றுபோகப் போவதில்லை. 2022இல் அந்தப் பிரச்சினை மறுபடி வெடித்தது. இரு தரப்பாரின் தாய்மொழியும் தமிழ்தான். இருந்தும் ஆசிரியர் அறையில் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம் நீதிமன்றம் வரை போனது.