தலைக்கட்டுக் கணக்கு

கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டு வந்திருக்கிறது. பங்காளிகள் சேர்ந்து வம்சாவளி அச்சிடப் போகிறார்கள். பிழை பார்த்துத் தரச் சொன்னார்கள். ஏழு தலைமுறை. பாட்டனுக்கு மகன் மூவர், அவர்களுக்கு மகன்கள் இன்னின்னார் என்று கிளை கிளையாக ஓடுகிறது. அப்பத்தா இல்லை, அத்தைமார் இல்லை, நானும் இல்லை. எழுத்துப்பிழை மட்டும் ஒன்றுகூட இல்லை.

மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் வரி போடும்போதும் இதே கணக்குதான். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கட்டிக்கொடுத்த இடத்திலும் பெண் தலைக்கட்டு ஆவதில்லை.

பெயரைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை போடத்தான் முதலில் நினைத்தேன். அப்போது கோதா பஞ்சாங்கம் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியின் கோதா நகரில் 1763இல் தொடங்கி 1944 வரை வந்த ஐரோப்பிய அரச வம்ச விவரநூல். அதில் பெண்கள் உண்டு. பிறந்த தேதி, மணந்த தேதி எல்லாம் உண்டு. காரணம், பல அரச குடும்பங்களில் தாயும் சம குலமாக இருந்தால்தான் பிள்ளைக்குப் பட்டம். ஆஸ்திரியப் பட்டத்து வாரிசு பிரான்ஸ் பெர்டினாண்ட் 1900இல் சோஃபி சோடெக்கை மணந்தார். பிரபுக் குடும்பத்துப் பெண்தான், அதுவும் போதவில்லை. பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை இல்லை என்று தாலி கட்டும் முன்பே (அவர்கள் ஊரில் மோதிரம்) சத்தியம் செய்துகொடுத்தார் மாப்பிள்ளை.

ஆக, அங்கே பெண்ணின் பெயர் எழுதப்பட்டது ரத்தத்துக்குக் காவலாக. எங்கள் நோட்டில் அவள் பெயர்தான் இல்லை, காவல் இருக்கிறது. சாதி மாறிக் கட்டிய சித்தப்பா மகன் ஆண்தான். அவன் கிளையும் இல்லை.

சிவகங்கையில் கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் ஜமீனுக்காக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863இல் வென்றார். ஜமீன் தகப்பன் தனியே அடைந்த சொத்து, அதனால் மகளுக்கு வரும் என்பது தீர்ப்பு. அவரை நினைத்தால் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். ஆனால் மகளாகப் பிறந்த உரிமையில் அவர் கேட்டது ஜமீனை. அந்த நிலத்தில் நாற்று நட்டவள் எந்தப் பிறப்பைக் காட்டி எதைக் கேட்பாள்?

என் பெயரை மட்டும் நுழைத்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. அப்பத்தா பெயரைப் பென்சிலால் எழுதினேன். அடுத்து அந்தத் தம்பி பெயர், அவன் கட்டியவள் பெயர். இப்படி எல்லாரையும் சேர்த்தால் அது வம்சாவளியே இல்லை என்பார் பெரியப்பா. இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நோட்டை வாங்க வருகிறார்.