நோய் வருமுன் உறுப்பை நீக்கல் தகுமோ?

நோயுற்ற உறுப்பை அறுத்து நீக்குதலை எவரும் குறைகூறார். நோய் இன்னும் அணுகாத உறுப்பை நீக்குதல் அறமாகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

அமெரிக்கத் திரைப்பட நடிகை ஆஞ்சலினா ஜோலி அம்மையார் தம் இரு மார்பகங்களையும் நீக்கிக்கொண்ட செய்தியை, 2013-ஆம் ஆண்டு மே திங்களில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தாமே எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்குப் புற்றுநோய் இல்லை. அவர்தம் அன்னையார் அந்நோயால் 56-ஆம் வயதில் மறைந்தவர். அம்மையாருடைய பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணு பழுதுற்றிருந்தது. உயிரணுக்களின் உள்ளே நேரும் முறிவுகளைச் செப்பனிட உதவுவது அம்மரபணு. அது பழுதானால் முறிவுகள் தேங்கிப் புற்றாக மாறக்கூடும். மார்பகப் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 87 எனக் கணித்த மருத்துவர், சிகிச்சைக்குப்பின் 5-க்கும் குறைந்ததெனக் கூறினர். இப்பழுது தந்தை வழியாகவும் பிள்ளைகளை அடையும். ஆதலின் தாயின் குடும்பத்தை மட்டும் பழித்தல் அறியாமை.

“வராத நோய்க்கு அஞ்சுதல் பேதைமையன்றோ?” என்பாரும் உளர். பழுதில்லாதார் வீணச்சத்தால் இதனை நாடுவாராயின் நாமும் ஒப்போம். அளந்தறிந்த இடரை விலக்குதல் அத்தகையதன்று. ஆண்டுதோறும் படச்சோதனை செய்துகொண்டு விழிப்போடு வாழ்வாரும் உளர். அதுவும் தக்க வழியே.

நீக்கிய இடத்தில் மார்பகத்தை மீண்டும் அமைத்துக்கொள்ளுதலையே பலர் ஏளனம் செய்கின்றனர், உடற்பற்று என்கின்றனர். துறவிகளுக்கு உடல்மேல் அன்புண்டோ என்று கேட்ட மன்னனை நோக்கி, அம்பு பட்ட புண்ணுக்கு மருந்திட்டுத் துணி சுற்றுவது புண்மேல் கொண்ட அன்பினாலோ என்று நாகசேனர் வினவியதாக மிலிந்தன் வினாக்கள் என்னும் பாலி நூல் உரைக்கும். அவ்வாறு அமைத்த மார்பில் பழைய தொடுவுணர்வு பெரும்பாலும் முழுதும் மீள்வதில்லை. அதனால் பாலூட்டவும் இயலாது. இவ்வளவையும் இழந்தவளை அழகுப் பித்தி என்பது என்ன நீதி? ஆலையில் நம்மோடு உழைத்த ஒருவர், இயந்திரத்தில் இரு விரல் இழந்தபின், திருமண வீடுகளில் அக்கையைத் துண்டினுள் மறைத்தே அமர்வார். அவரை அழகுப்பித்தர் என்று ஒருவரும் நகைத்ததில்லை. பெண் செய்தால் மட்டும் நகைப்போ?

மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு, மறுவமைப்புக்கும் தரவேண்டுமென 1998-இல் அமெரிக்காவில் சட்டம் இயற்றினர். அதனை மருத்துவத்தின் பகுதியாகவே அந்நாட்டார் கொண்டனர். மறுவமைப்பு வேண்டாமெனத் தட்டை மார்போடு வாழத் துணிந்த மகளிரும் அங்கு உளர். அவர்களிடம் சென்று, ஏன் அமைத்துக்கொள்ளவில்லை என்று வினவுவதும் நம் வேலையன்று.