துஆ இல்லாத இங்கிலீஷ்

பாலக்கோட்டில் எங்கள் தெருவைச் சுற்றி ஓதப்படும் மொழிகள் மூன்று. கோயிலில் சமஸ்கிருதம், மதரஸாவில் அரபி, டியூஷனில் இங்கிலீஷ். மூன்றாவதை ஓதுவிக்கிறவள் நான்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். மற்றவர்களில் சிலருக்கு எங்களைப்போல் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். தெருவில் இறங்கிவிட்டால் எல்லாருக்கும் தமிழ். 2012-13க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. அதிலிருந்து தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர் பிள்ளையும் 'இங்கிலீஷ் மீடியம்'தான். உருது, தமிழ், இங்கிலீஷோடு நான்காவது மொழியாக அரபியும் ஓதுகிற ஒரு பையன், மதரஸா முடிந்து நேராக வந்து, தொப்பியைப் பைக்குள் திணித்துக்கொண்டு என் எதிரே உட்காருகிறான்.

அவன் 'மை மதர்' எஸ்ஸேயை ஒப்பிக்கும்போது உடம்பு முன்னும் பின்னும் அசையும். அல்ஹம்து சூராவுக்கு அசைகிற அதே அசைவு. நடுவில் நிறுத்தி, "உங்க அம்மி என்ன வேலை செய்றாங்க, இங்கிலீஷ்ல சொல்லு" என்றால், முதல் வரிக்குப் போய் மறுபடி வேகமெடுப்பான். கைடில் இருக்கிற அம்மா டீச்சர். இவனுடைய அம்மி கார்மெண்ட்ஸுக்குப் போகிறார். தினமும் பிசகாமல் வேறு யாருடைய அம்மாவையோ ஒப்பிக்கிறான். அதற்கு நான் டிக் போடுகிறேன்.

பொருள் தெரியாமல் சொல்வதற்கு மதிப்பு உண்டா? கேள்வி பழையது. வேத மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்று கௌத்ஸர் வாதாடியதை யாஸ்கர் தம் நிருக்தத்தில் எடுத்துச் சொல்லி, மறுக்கிறார். அந்தக் காலத்திலேயே சண்டை நடந்திருக்கிறது! கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்கப் பெரியவர்களைக் கேட்டால், 1962-65 வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் பூசை முழுக்க லத்தீனில்தான் என்பார்கள். ஒரு வார்த்தை புரியாமலே முழங்காலில் நின்று அழுதவர்களை, உங்களுக்குப் பக்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்? நான் சொல்லமாட்டேன்.

மதரஸா ஹஜ்ரத்திடம் இதைப் பேசியிருக்கிறேன். "முதல்ல நாக்கு படியணும்மா, அர்த்தம் பின்னாடி வரும்" என்றார். உச்சரிப்பைப் பொறுத்தவரை அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவரிடம் ஓதுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்தொலியும் சீக்கிரம் பிடிபடுகிறது. ஆனால் ஜெபத்தைக் கேட்கிறவனுக்கு நாம் வாய் திறக்கும் முன்பே விஷயம் தெரியும். நம் சொல்லில் பிழை இருந்தாலும் அவன் திருத்தி எடுத்துக்கொள்வான். இங்கிலீஷ் போய்ச் சேரவேண்டிய இடம் அப்படிப்பட்டதல்ல. ஓசூர் கம்பெனி இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நம்மைப்பற்றி எதுவும் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

ஹஜ்ரத்தின் மார்க்கமே இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. தொழுகை அரபியில், தொழுது முடித்துக் கையேந்திக் கேட்கிற துஆவை அவரவர் மொழியிலும் கேட்கலாம். பையனின் நானி உருதுவில், முட்டி வலியிலிருந்து மருமகன் கடன்வரை ஒன்றுவிடாமல் கேட்பாராம். நம் டியூஷன் இங்கிலீஷில் தொழுகை மட்டும் உண்டு, துஆ கிடையாது.

எபிரேயம் ஜெபத்திலிருந்து வீட்டுப் பேச்சுக்கு நடந்து வந்த மொழி. 1500 ஆண்டுகளுக்கும் மேலாக யார் வீட்டிலும் தாய்மொழியாக இல்லாமல், ஜெபத்திலும் ஏட்டிலும் கடிதத்திலுமே வாழ்ந்தது. யூதர்களும் ஜெபிக்கும்போது நம் பையனைப் போலவே முன்னும் பின்னும் அசைவார்கள். 1881-இல் ஜெருசலேம் வந்த எலியேசர் பென் யெஹூதா, மறு ஆண்டு பிறந்த தன் மகன் காதில் எபிரேயம் தவிர வேறு மொழி விழக்கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டார். பிள்ளை வெகுநாள் பேசவே இல்லை. தாய் ஒருநாள் தன்னை மறந்து ரஷ்ய மொழியில் தாலாட்டுப் பாட, தகப்பன் கத்திய கத்தலில்தான் அவன் வாய் திறந்தான் என்று சொல்வார்கள். அந்தத் தாயை நினைத்தால் எனக்கு மனம் ஆறாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பொம்மைக்கும் ஐஸ்கிரீமுக்கும் பென் யெஹூதா புதுச்சொல் உண்டாக்க வேண்டியிருந்தது. தெய்வ மொழியில் வெங்காயம் வாங்குவதா என்று வைதிகர்கள் கொதித்தார்கள். அங்கே இன்றும் வீட்டில் யித்திஷ் பேசி, எபிரேயத்தை வேதத்துக்கு மட்டும் வைத்திருக்கிற வைதிகக் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. சந்தைக்கு வந்த மொழியில் வசையும் வரும், பொய்யும் வரும்.

வரட்டும் என்பதுதான் என் கட்சி. மந்திரத்தில் யாரும் பொய் சொல்ல முடியாது, அது நம் சொல் இல்லையே. பொய் சொல்ல இடம் இருக்கிற மொழியில்தான் ஒருவன் உண்மை சொன்னான் என்று பாராட்டவும் முடியும். போன மாதம் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டதற்கு இதே பையன் எழுந்து நின்று, "மிஸ், கோட் ஈட் மை நோட்" என்றான். அவன் வீட்டில் ஆடே கிடையாது. இலக்கணத்தைத் திருத்தாமல், "விச் கோட்? பிளாக் ஆர் ஒயிட்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிளாக். வெரி ஹங்ரி" என்றான். அசையாமல் நின்று சொன்னான். வகுப்பே சிரித்தது.

எபிரேயம் வீட்டுமொழியாகிவிட்ட இஸ்ரேலில் இப்போது இங்கிலீஷ் பேசும் நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஆங்கில வகுப்புகள் நடக்கின்றன. எபிரேயத்தில் ஓடி விளையாடும் பிள்ளை, ஊரில் இருக்கும் தாத்தாவின் மொழியில் எழுதவும் வாசிக்கவும் தடுமாறுகிறதே என்ற கவலை. வீட்டில் ஏற்கெனவே கோபித்துக்கொள்ளவும் கொஞ்சவும் பயன்படுகிற இங்கிலீஷுக்குத்தான் அங்கே மெருகேற்றுகிறார்கள். நாம் கோபமும் கொஞ்சலும் இல்லாத ஒன்றுக்கு மெருகு போடுகிறோம்.

அதனால் கடைசிக் கால் மணி நேரம் புத்தகத்தை மூடிவிட்டு, ஒருவன் தக்காளி விற்க, ஒருத்தி பேரம் பேச, இருவரும் இங்கிலீஷில் சண்டை போடவேண்டும் என்று வைத்தேன். "டூ மச் ரேட், யூ தீஃப்!" என்று ஒரு பெண் கத்தினது மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கிறது. மறுநாள் அவளுடைய அம்மா வந்துவிட்டார். "அக்கா, ஃபீஸ் கட்டறது எஸ்ஸே படிக்கிறதுக்கு. காலாண்டு வருது. சண்டை போடறதுக்கா மார்க் போடுவாங்க?" நியாயமான கேள்விதான், மார்க் எஸ்ஸேவுக்குத்தான். பரீட்சை முடியும்வரை கால் மணி நேரத்தைப் பத்து நிமிஷமாகக் குறைக்கிறேன் என்றேன். அவர் ஐந்து என்றார்.