சரத்தின் மேல் ஏறிய நிறம்

ஈமாக்ஸ் எடிட்டரின் நிரல்மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப்பில் ஒரு சரம் (ஸ்ட்ரிங்) வெறும் எழுத்துகளின் வரிசை இல்லை. ஒவ்வோர் எழுத்தின் மேலும் பண்புகளை ஏற்றலாம்: எந்த நிறம், தடித்ததா சாய்ந்ததா, மவுஸ் மேலே வந்தால் என்ன குறிப்பு தெரிய வேண்டும், திரையில் தெரியவே வேண்டுமா. புராப்பர்டைஸ் என்ற ஃபங்ஷனிடம் சரத்தைக் கொடுத்தால் பண்பு ஏற்றிய நகலைத் தருகிறது. கொடுத்த சரம் கொடுத்தபடியே இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்ட க்னூ ஈமாக்ஸில் 19-ஆம் பதிப்பு முதல் எழுத்தின் மேல் பண்பு ஏற்றும் வசதி உண்டு.

*

ஏற்றிய பண்பு கூடவே வருகிறது. கான்கேட் கொண்டு இரண்டு சரங்களை ஒட்டினாலும், சப்ஸ்ட்ரிங் கொண்டு நடுவில் வெட்டினாலும் அந்தந்த எழுத்தின் நிறம் அதனதன் மேலேயே இருக்கும். ஃபார்மட்டில் ஒரு பெயருக்கு இடம் விட்டு, அங்கே நிறமேறிய பெயரை வைத்தால், உருவாகும் வாக்கியத்தில் அந்தப் பெயர் மட்டும் நிறத்தோடு நிற்கும். நூலில் ஊறிய சாயம் துணியோடு போவதைப் போலத்தான்.

நிறம் காட்டும் இன்னொரு வழியான ஓவர்லே வேறு வகை. அது, எழுத்தைத் திறந்து வைத்துத் திருத்தும் இடமான பஃபருக்குச் சொந்தம். எழுத்தைப் பிரதி எடுத்து வேறு பஃபரில் ஒட்டினால் ஓவர்லே பின்னால் வராது. அந்த நேரத்துக்கு மட்டும் ஒளிர வேண்டிய தேடல் முடிவுக்கு ஓவர்லே பொருந்தும்.

*

சிவப்பில் ஒரு சொல், கறுப்பில் அதே சொல். இரண்டும் ஒன்றா என்று ஈக்வல் என்ற ஃபங்ஷனைக் கேட்டால் ஒன்றுதான் என்கிறது. பண்பையும் சேர்த்து ஒப்பிட ஈக்வல்-இன்க்ளூடிங்-பிராப்பர்ட்டீஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. வழக்கமான கேள்வி எழுத்தைப் பற்றியது; தோற்றத்தைப் பற்றிக் கேட்க நினைப்பவர் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

*

பஃபரைச் சேமித்தால் பொதுவாகக் கோப்புக்குப் போவது எழுத்து மட்டும். மறுபடி திறக்கும்போது ஃபான்ட்-லாக் என்ற வசதி நிரலைப் படித்து நிறங்களைப் புதிதாகத் தீட்டிக்கொள்கிறது. ஆனால் சரத்தை பிரின்1 கொண்டு எழுதினால் பண்புகளும் அடைப்புக்குறிக்குள் வரிசையாகப் பதிவாகும். ஈக்வல் கண்ணுக்கு அவை தெரியாததால், சோதனையிலும் பிடிபடாமல் தரவுக்குள் தங்கிவிடும். ஆகவே, பஃபரிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளப் போகும் எதையும் பஃபர்-சப்ஸ்ட்ரிங்-நோ-பிராப்பர்ட்டீஸ் வழியாகவே எடுப்பது நல்லது. பெயர் நீளம்தான். ஆனால் செய்வதை அப்படியே சொல்கிறது.

*

பண்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எண்களால் குறிக்கப்படுகிறது. தமிழில் அந்த எண்ணிக்கையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. லெங்த் 5 என்கிறது. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஸ்ட்ரிங்-பைட்ஸ் 15 என்கிறது. 0 முதல் 2 வரை வெட்டினால் கிடைப்பது ‘தம’. 2023-ல் வந்த 29-ஆம் பதிப்பில் ஸ்ட்ரிங்-கிளிஃப்-ஸ்ப்ளிட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. குறிகளை அவற்றின் எழுத்தோடு சேர்த்தே பிரிப்பது அதன் வேலை. வெட்டும் இடத்தையும் நிறம் மாறும் இடத்தையும் முழு எழுத்தின் எல்லையில் வைப்பது, தமிழ் படிப்பவருக்கு நிரலர் செய்ய வேண்டிய கடமை.

*

பிழைச் செய்தி ஒன்றை எழுதும்போது நிறத்தைச் ‘சிவப்பு’ என்று நேரடியாகவும் எழுதலாம். எர்ரர் என்ற ஃபேஸின் (பெயரிட்ட தோற்றத்தின்) பெயரையும் எழுதலாம். முதலாவது என் திரைக்கு மட்டும் பொருந்தும். இரண்டாவதில், இது பிழை என்பதை மட்டும் நான் சொல்கிறேன். கறுப்புப் பின்னணியில் வேலை செய்பவரும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவரும் அந்த ஃபேஸுக்குத் தமக்கு ஏற்ற தோற்றத்தைக் கொடுத்துக்கொள்வார்கள். சரத்தோடு நான் அனுப்ப வேண்டியது பொருளைத்தான். நிறத்தை, பார்ப்பவர் தேர்ந்துகொள்ளட்டும்.