கைவிடாமையும் கைவிடுதலும்

வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், ஆண்டின் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் அலாஸ்கா என்னும் பெருநிலம் உளது. பாதையற்ற அப்பனிவெளியில் மக்களையும் பொருள்களையும் நெடுங்காலம் இழுத்துச் சென்றவை நாய்களே. சக்கரமில்லாத சறுக்கு வண்டியில் அவற்றை இணை இணையாகப் பூட்டி, வண்டியின் பின்னே நின்று ஓட்டுபவனை அந்நாட்டார் மஷர் என்பர். நாம் நாய்வண்டியோட்டி எனலாம். அவன் கையில் கடிவாளம் இல்லை. வலப்புறம் திரும்ப ஒரு சொல், இடப்புறம் திரும்ப ஒரு சொல். முன்னே செல்லும் நாய் அச்சொல்லைக் கேட்டுத் திரும்ப, ஏனையவை அதனைப் பின்தொடரும்.

இத்தொழிலில் கற்பிக்கப்படும் முதற்பாடம், வண்டியின் கைப்பிடியை விடாதே என்பதாம். ஓட்டுபவன் விழுந்தாலும் நாய்கள் பெரும்பாலும் நில்லா. ஓட்டமே அவற்றின் இன்பம். ஆளில்லாமல் ஓடும் வண்டி கவிழும். நாய்கள் வார்களிற் சிக்கிக் காயமுறும். ஆகவே பனியில் முகங்குப்புற இழுபட்டுச் சென்றேனும் பிடியை விடாதிருப்பது அவன் கடன்.

இங்ஙனம் கைவிடாமையையே அறமாகக் கொண்டவன், ஓட்டப் பருவத்தின் நடுவே காயமுற்றுக் கிடக்க நேர்ந்தால் அவன் கடன் யாது? அன்பர்காள்! இது தொலைதேசத்து வினா என்று தள்ளிவிடற்க. பிற உயிர்களைத் தம் பொறுப்பிற் கொண்ட யாவர்க்கும், தாயாயினும் தலைவனாயினும் ஆசிரியனாயினும், ஒருநாள் இவ்வினா வந்தே தீரும்.

முதலில் அவன் துயரத்தைச் சற்று அறிந்துகொள்வோம். பனி விழுமுன்னரே, இலையுதிர் காலத்தில், சக்கர வண்டிகளை இழுக்கச் செய்து நாய்களைப் பழக்கத் தொடங்குவர். அப்பழக்கம் குளிர்காலம் முழுதும் வளர்ந்து மார்ச்சு மாதத்தில் கனிகிறது. ஆங்கரேஜ் நகரிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள நோம் நகர்வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடும் இடிட்டரோட் என்னும் பெரும்போட்டி அம்மாதத்திலேதான் நிகழும். 1973 முதல் நோம் நகர்வரை நடந்துவரும் போட்டி அது. முறிந்த எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். அத்தனை வாரங்கள் கழிந்தால் அவனுக்கு அவ்வாண்டு போயிற்று. மனிதனுக்கு ஓராண்டு சிறிது; நாயின் நல்ல வயதோ சில ஆண்டுகளே. வெளியே நாய்கள் பூட்டுங்காலம் அறிந்து துள்ளிக் குரைக்கின்றன. உள்ளே அவன் கட்டுப்போட்ட கையுடன் கிடக்கின்றான்.

அத்துயரை ஆராய்ந்தால் அதனுள் இரண்டு நோய்கள் காணப்படும். ஒன்று எலும்பின் நோய். அது காலத்தால் ஆறும். மற்றொன்று, ‘நான் இல்லாமலும் வண்டி ஓடுகிறதே’ என்னும் நோய். இதற்குக் கட்டுப்போடுவார் இல்லை. இவ்விரண்டாம் நோயே அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பி, ஆறாத கையோடு வண்டியேறச் சொல்கின்றது. அதனை அவன் வீரம் என்று கருதுகின்றான். உலகமும் அவ்வாறே புகழ்கின்றது.

‘துன்பத்தைத் தாங்கி முயல்வது புகழத்தக்கதன்றோ?’ என்று கேட்பீர்கள். புகழத்தக்கதே. லான்ஸ் மேக்கி என்பார் 2001இல் தொண்டைப் புற்றுநோய்க்கு ஆளாகி, 2002ஆம் ஆண்டுப் போட்டியில் உணவுக்குழாய் பொருத்திய உடலோடு புறப்பட்டார். முடிக்கவியலாது இடையிலே விலகினார். பின்னர் 2007 முதல் 2010 வரை நான்காண்டுகள் தொடர்ந்து வென்றார். இத்தகைய உறுதியை யார் இகழ்வர்? ஆயினும் உறுதியை அளக்கும் கோல் ஒன்று வேண்டும். அக்கோலாவது: என் பிடிவாதத்தின் விலையை யார் கொடுக்கின்றார்? நானே கொடுப்பின் அது வீரம். வாய் பேசாத உயிர் கொடுப்பின் அது வீரமன்று. பிறர் செலவில் வாங்கிய பெருமையாகும்.

நாய்வண்டியோட்டியின் கை அவனுக்கு மட்டும் உரியதன்று. பதினான்கு நாய்கள் பூட்டிய வண்டியாயின் பாதங்கள் 56. பனிக்கட்டி கீறாதிருக்க அவற்றிற்குத் துணியுறை அணிவித்தல் வேண்டும். கழற்றி விரலிடுக்குகளைத் தடவிப் பார்த்தல் வேண்டும். போட்டிக் காலத்தில் ஒரு நாய்க்கு நாளொன்றுக்குப் பதினாயிரம் கலோரி அளவு உணவு தேவை. அதனைக் கடுங்குளிரில் பனியுருக்கிச் சமைப்பதும் அக்கைகளே. நாய் தன் நோவைச் சொல்லாது, நொண்டியும் ஓடும். ஓட்டுபவனது விரல்களே அதன் நாவு. அவ்விரல் மரத்துப்போனால் அந்நாய் ஊமையாயிற்று என்க.

2011ஆம் ஆண்டு மிட்ச் சீவி என்னும் அனுபவமிக்க ஓட்டி, ஓஃபிர் என்னும் தங்குமிடத்தில் நாய்கள் படுப்பதற்கான வைக்கோற்கட்டை அவிழ்க்கையில் கத்தி பட்டு விரலை ஆழமாக வெட்டிக்கொண்டார். 2004இலேயே வென்ற அவர், அன்று போட்டியினின்றும் விலகினார். அவர் மீண்டும் வென்றது 2013இலும் 2017இலும் ஆகும். பின்வந்த வெற்றியால் அவர் விலகியது சரியாயிற்று என்று சொல்லமாட்டேன். வென்றிராவிடினும் அது சரியே.

இதனை வலியுறுத்த மற்றொரு நிகழ்ச்சியைக் காண்போம். 2020இல் நான்குமுறை வென்ற ஜெஃப் கிங் என்பார்க்குப் போட்டி தொடங்குமுன் அவசர அறுவைச் சிகிச்சை நேர்ந்தது. அவரிடம் பணிபுரிந்த ஷான் அண்டர்வுட் என்னும் இளைஞர் அந்நாய்களை ஓட்டிச் சென்றார். நோம் நகரை நெருங்கிய நிலையில், பனியும் நீரும் கலந்த பாதையிற் சிக்கி அவர் மீட்கப்பட்டார், ஓட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் பழகிய நாய்களைப் பழகிய ஒருவர் கையில் ஒப்படைத்தமை, முடிவு எவ்வாறாயினும் தக்க செயலே. ஆலி ஜர்க்கிள் என்னும் அம்மையார் 2012, 2013, 2014 ஆகிய மூன்றாண்டுகளும் இரண்டாமிடம் பெற்றவர். 2021ஆம் ஆண்டுப் போட்டியே தம் இறுதிப் போட்டி என்று அறிவித்துப் புறப்பட்டார். ரோன் என்னுமிடத்தருகே விழுந்து தலையிலும் உடலிலும் காயமுற்று, வானூர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருக்கு அடுத்த ஆண்டு என்னும் ஆறுதலும் இல்லை. ‘பொறுத்திரு, பின்னர் வெல்வாய்’ என்னும் மொழி எல்லார்க்கும் மருந்தாகாது என்பதற்கு இது சான்று. வெல்லாமலே விடை பெறுபவர்க்கும் அமைதி தரும் அறம் எதுவோ அதுவே உண்மை அறம்.

இங்கே கூரிய வினா ஒன்று எழும். ‘நாய்களிடத்து அத்துணைக் கருணையிருப்பின் அவற்றைப் பந்தயத்தில் ஓட்டுவானேன்?’ இப்போட்டியில் நாய்கள் இறந்ததுண்டு. 2024இல் மட்டும் மூன்று இறந்தன. கட்டாய ஓய்வும், வழிநெடுகக் கால்நடை மருத்துவர்களும் உளர் என்பது உண்மை. இறந்தவை மீளவில்லை என்பதும் உண்மை. இவ்வினாவை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. காயமுற்றவன் தன்னை அளந்த அதே கோலால், காயமில்லாதவனும் தன்னை அளந்துகொள்ளல் வேண்டும். என் மகிழ்ச்சியின் விலையை யார் கொடுக்கின்றார் என்று படுக்கையிற் கிடந்து கேட்கத் தொடங்கியவன், எழுந்து நடமாடும்போது அவ்வினாவை மறந்துவிடலாகாது. காயம் அவனுக்குக் கொடுத்த ஓய்வில் இதனைவிடப் பெரிய பயன் வேறில்லை.

1925ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவிற்று. நெனானா என்னும் இரயில் நிலையத்திலிருந்து 674 மைல் தொலைவு மருந்து வந்தாகவேண்டும். அதனைக் கொணர்ந்தவர் ஒருவரல்லர். இருபது ஓட்டிகள், ஏறத்தாழ 150 நாய்கள். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி, ஐந்தரை நாளில் அம்மருந்து சேர்ந்தது. தம் பங்கை ஓடி முடித்து, மருந்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நின்றவர் எவரும் அதனைக் கைவிட்டவராகார். நோம் நகரை அடைந்த இறுதி ஓட்டியின் புகழ்போல அவர்தம் பெயர் பரவவில்லை; ஆயினும் அவருள் ஒருவர், ‘நானே முழுத்தொலைவும் கொண்டுசெல்வேன்’ என்று மருந்தைக் கொடாதிருந்திருப்பின், குழந்தைகளின் நிலை யாதாயிருக்கும்?

ஆகவே, கைப்பிடியை விடாதே என்னும் முதற்பாடத்தின் பொருளை நன்கு உணர்வோமாக. அது கட்டையைப் பற்றியதன்று. அக்கட்டையின் முன்னே ஓடும் உயிர்களைப் பற்றியது. கை நலமாயிருக்கும்போது பிடித்திருத்தல் அவ்வுயிர்களைக் காக்கும். கை முறிந்தபோது நல்ல கையொன்றில் ஒப்படைத்தல் அவ்வுயிர்களைக் காக்கும். செயல் இரண்டாயினும் கடன் ஒன்றே. படுக்கையிற் கிடப்பவன், வெளியே தன் நாய்கள் பிறர் குரலுக்குச் செவிசாய்த்து ஓடும் ஒலியைக் கேட்டுப் பொறாமையின்றி மகிழக்கூடுமாயின், எலும்பு கூடுமுன்னரே அவன் பாதி நலம் பெற்றவனாவான்.